சிப்பிப்பாறை நாயைத் தத்தெடுப்பது எப்படி? மதுரைக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ரிங் ரோட்டுப் பக்கமோ, திருமங்கலம் போகும் நாலுவழிச் சாலை ஓரத்திலோ, நீண்ட மூக்கும் ஒட்டிய வயிறுமாக, வாலைக் கால்களுக்கு நடுவே சுருட்டிக்கொண்டு நிற்கும் நாயைப் பார்த்திருப்பீர்கள். தெருநாய்க் கூட்டத்தோடு சேராமல் தனியாக நிற்கும். பெரும்பாலும் அது யாரோ காசு கொடுத்து வாங்கி, வளர்க்க முடியாமல் இறக்கிவிட்டுப் போன சிப்பிப்பாறையாகவோ கன்னி இன நாயாகவோ இருக்கும்.

2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு நாட்டு மாடுகளோடு சேர்த்து நாட்டு நாய்களுக்கும் மவுசு கூடியது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லிப் பேசியபின் அது இன்னும் பரவியது. வீரமான காவல் நாய் என்று நம்பிக் குட்டியை வாங்குகிறார்கள். எட்டு மாதத்தில் அது கேட்டைத் தாண்டி ஓடுகிறது, பக்கத்து வீட்டுக் கோழியைப் பிடிக்கிறது, வந்தவரைப் பார்த்துக் குரைக்காமல் மூலையில் படுத்துக்கொள்கிறது. "இது எதுக்கும் லாயக்கில்லை" என்று ஒரு நாள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் ஊருக்கு வெளியே விட்டுவிடுகிறார்கள்.

இந்த நாயின் குறை என்று சொல்லப்படும் ஒவ்வொன்றும் அது எந்த வேலைக்காகத் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டதோ அந்த வேலையின் அடையாளம். அதைப் புரிந்துகொண்டு வீட்டை அதற்கேற்ப அமைத்துக்கொண்டால், இவ்வளவு சத்தமில்லாத, சுத்தமான, ஒட்டுதலான நாய் கிடைப்பது அரிது என்பேன். மீட்கப்பட்ட ஒன்றை எடுத்து வளர்க்க நினைப்பவர்கள் என்னென்ன செய்யவேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் நாயைத் தெரிந்துகொள்ளுங்கள்

பெரும்பாலான நாய்கள் மூக்கை நம்பி வேட்டையாடும். சிப்பிப்பாறை கண்ணை நம்பி வேட்டையாடும். விருதுநகர் மாவட்டத்துச் சிப்பிப்பாறை கிராமத்தின் பெயரைத் தாங்கிய இந்த நாய், வெட்டவெளிக் கரிசல் காட்டில் முயல் துரத்த உருவானது. ஆழமாக இறங்கிய நெஞ்சு, உள்ளே இழுத்த வயிறு, நீண்ட கால், மெல்லிய தோல், ஒட்டிய முடி என்று எல்லாமே ஓடுவதற்கானவை. நின்றால் தோள் உயரம் ஏறக்குறைய 25 அங்குலம், எடை 15 முதல் 20 கிலோ. ஹரியானாவின் கர்னாலில் இருக்கும் தேசிய விலங்கு மரபணு வள மையம் ராஜபாளையம், முதோல் நாய்களோடு இதையும் தனி இனமாகப் பதிவு செய்திருக்கிறது. கறுப்பும் செம்பழுப்பும் கலந்த கன்னியும் இதே உடல்வாகுதான். கீழே சொல்வது இரண்டுக்கும் பொருந்தும்.

இதைப் பற்றிய தவறான எண்ணங்களில் முதலாவது, "பட்டினி கிடந்த நாய்". நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும் சிப்பிப்பாறைக்கும் கடைசி இரண்டு மூன்று விலா எலும்பும் இடுப்பெலும்பின் முனையும் தெரியும். நீங்கள் நடைக்குக் கூட்டிப் போகும்போது, "ஏன் தம்பி, இதுக்குச் சோறே போடுறதில்லையா?" என்று கேட்காத ஆள் இருக்கமாட்டார். அதற்காகக் கொழுக்க வைத்துவிடாதீர்கள். கூடும் ஒவ்வொரு கிலோவும் அந்த மெல்லிய கால் மூட்டுகளில் இறங்கும். உண்மையாகவே பட்டினி கிடந்த நாயை வேறு விதமாக அடையாளம் காணலாம். முதுகுத்தண்டு முழுவதும் முடிச்சு முடிச்சாகக் கையில் குத்தும், தொடைச் சதை வற்றிக் குழி விழுந்திருக்கும், கண்ணுக்கு மேல் நெற்றிப் பக்கம் உள்வாங்கியிருக்கும்.

இரண்டாவது, "வேட்டை நாய், ஆளைக் கடிக்கும்". ஓடும் சிறு உயிரைத் துரத்துவதும் மனிதர்மேல் பாய்வதும் இரண்டு வெவ்வேறு குணம். சிப்பிப்பாறைக்கு முதலாவது நிறையவே உண்டு. தெரியாத மனிதரைக் கண்டால் பெரும்பாலும் ஒதுங்கித்தான் போகும். இந்த இனம் கடிப்பது பொதுவாக மூலையில் மாட்டி, ஓட வழியில்லாதபோது, பயத்தில். எந்த நாயும் கடிக்கக்கூடியதுதான், இதுவும் விதிவிலக்கு இல்லை. ஆனால் காவலுக்கு ஆக்ரோஷமான நாய் வேண்டும் என்பவர் இதைத் தொடவே வேண்டாம். அந்த ஆசையில் வாங்கியவர்கள்தான் இன்று இவற்றைச் சாலையில் விடுகிறார்கள்.

மூன்றாவதுதான் அதிகம் கெடுதல் செய்வது: "ஒரே எஜமானுக்குத்தான் அடங்கும், வயசான நாயை எடுத்துப் பிரயோஜனமில்லை." இந்த ஒரு பேச்சால் எத்தனையோ நல்ல நாய்கள் காப்பகத்திலேயே கிழடாகின்றன. வளர்ந்த சிப்பிப்பாறை புது ஆளோடு நிச்சயம் ஒட்டும். நேரம் எடுத்துக்கொண்டு ஒட்டும், அவ்வளவுதான். முதல்முறை நாய் வளர்ப்பவருக்கு நான் மூன்று நான்கு வயது நாயைத்தான் சிபாரிசு செய்வேன். குட்டியின் ஓட்டமும் கடிப்பும் அடங்கியிருக்கும், குணம் என்ன என்பது கண்ணுக்கே தெரியும்.

உங்கள் வீடு சரிவருமா?

தனி வீடு கட்டாயமில்லை. வீட்டுக்குள் இந்த நாய் நாளில் பெரும்பகுதி தூங்கும், அதிகம் குரைக்காது, முடி கொட்டுவதும் குறைவு. காலையிலும் மாலையிலும் நல்ல நடை, வாரத்தில் சில நாள் வேலியிட்ட இடத்தில் ஓட்டம், இவை கிடைத்தால் மாடி வீட்டிலும் நிம்மதியாக இருக்கும். வாடகை வீடு என்றால் உரிமையாளரிடம் முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். வாய்ப்பேச்சு பின்னால் நிற்காது. அடுக்குமாடி என்றால், குடியிருப்போர் சங்கம் செல்லப்பிராணிகளை மொத்தமாகத் தடை செய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இலேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு தன்மையாகப் பேசுங்கள். சண்டையில் தொடங்கினால் கடைசியில் நாய்க்குத்தான் கஷ்டம்.

பகல் முழுக்க வீடு பூட்டியிருக்கும் என்றால் யோசியுங்கள். கைவிடப்பட்ட நாய்க்குத் தனிமை முதல் சில மாதங்களுக்கு ஒரு தண்டனை. வீட்டில் கோழி, முயல், புறா வளர்த்தால் தயவுசெய்து வேறு நாயைப் பாருங்கள். பூனை இருந்தால் சில நாய்கள் பழகும், பல பழகாது. ஆடு மாடு உள்ள தோட்டத்தில் பெரும்பாலும் பிரச்சினை வராது, ஆனால் ஆட்டுக்குட்டி துள்ளி ஓடும் வயதில் கவனம் வேண்டும்.

வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா என்பதையும் கேட்டுவிடுங்கள். பெரும்பாலான வீடுகளில் ஆசைப்பட்டவர் ஒருவர், சோறு வைப்பவர் இன்னொருவர். சோறு வைக்கப்போவது அம்மாவோ அத்தையோ என்றால் முடிவு அவர்கள் வாயிலிருந்து வரட்டும்.

எங்கே தேடுவது, என்ன கேட்பது

மதுரையில் விலங்கு மீட்புப் பணி செய்யும் தன்னார்வலர்கள் நிறையவே இருக்கிறார்கள். அவர்களை அடைய எளிய வழி, நீங்கள் நம்பும் கால்நடை மருத்துவரிடம் சொல்லி வைப்பது. அடிபட்ட, கைவிடப்பட்ட நாய் முதலில் போய்ச் சேரும் இடம் அவர்களுடைய மேசைதான். தத்தெடுப்பு முகாம்களுக்கும் போய்ப் பாருங்கள், ஆனால் முகாமில் பார்த்த அன்றே முடிவு செய்யாதீர்கள். கூட்டத்தில் சிப்பிப்பாறை தன் இயல்பைக் காட்டாது, உறைந்துபோய் நிற்கும். அதைச் சாது என்று எடுத்துக்கொள்வார்கள். அது பயம்.

மீட்டவரிடம் கேட்கவேண்டியவை: எங்கே, எந்த நிலையில் கிடைத்தது? எத்தனை நாளாக உங்களிடம் இருக்கிறது? மற்ற நாய்களோடு எப்படி? பூனையைப் பார்த்தால் என்ன செய்கிறது? சாப்பிடும்போது பக்கத்தில் போனால் உறுமுகிறதா? இடி, பட்டாசுக்கு எப்படி? யாரையாவது கடித்திருக்கிறதா? கடைசிக் கேள்வியைக் கூச்சப்படாமல் கேளுங்கள். நல்ல மீட்பாளர் மறைக்கமாட்டார்.

அவரும் உங்களைக் கேள்வி கேட்பார். வீட்டை வந்து பார்ப்பார், அடையாள அட்டை கேட்பார், கருத்தடை செய்யவேண்டும் என்று எழுதி வாங்குவார். இதைச் சந்தேகம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். குட்டி போட்டு விற்பதற்காகவும் முயல் வேட்டைக்காகவும் தத்தெடுப்பதுபோல வந்து இந்த நாய்களை வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கேள்வியே கேட்காமல் நாயைக் கையில் திணிப்பவரைப் பார்த்துத்தான் யோசிக்கவேண்டும்.

முடிந்தால் வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு நேரத்தில் போய்ப் பாருங்கள். நேராகப் போய்த் தலையில் கை வைக்காமல், பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்கார்ந்துகொள்ளுங்கள். கண்ணுக்குள் பார்க்காதீர்கள். அது தானாக வந்து மோந்து பார்த்தால், தாடைக்குக் கீழே மெதுவாகத் தடவலாம். வரவில்லை என்றாலும் கவலையில்லை. அடுத்தமுறை வரும்போது உங்களை அடையாளம் கண்டு காதை அசைத்தாலே போதும்.

கூட்டி வரும் முன் செய்யவேண்டியவை

கழுத்துப் பட்டையில் இருந்து தொடங்குவோம், ஏனென்றால் இந்த இனம் தொலைந்து போவதற்கு முதல் காரணம் அதுதான். சிப்பிப்பாறையின் தலை கழுத்தைவிடச் சிறுத்தது. சாதாரணப் பட்டையைப் போட்டால், பயந்து பின்னால் இழுக்கும் ஒரு நொடியில் தலையை உருவிக்கொண்டு போய்விடும். இழுத்தால் அளவாக இறுகி, விட்டால் தளரும் அகலமான மார்ட்டிங்கேல் பட்டை வாங்குங்கள். முதல் சில மாதங்களுக்கு அதோடு நெஞ்சைச் சுற்றிப் போடும் ஹார்னஸும் சேர்த்து, இரண்டிலும் கயிறு மாட்டுங்கள். இரும்புச் சங்கிலி வேண்டாம். இழுத்தால் நீளும் கயிறும் வேண்டாம்: நாய் முழு வேகம் எடுத்தபின் கயிறு சட்டென்று நின்றால் கழுத்தெலும்பு தாங்காது.

அடுத்து வேலி. சுற்றுச்சுவர் ஆறடிக்குக் குறையாமல் இருக்கட்டும். பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி, அடுக்கி வைத்த செங்கல் என்று ஏறி நிற்க வசதியான எதுவும் இருக்கக்கூடாது. தோட்டத்தில் முள்கம்பி வேலி என்றால் உட்பக்கம் வலை கட்டுங்கள். இந்த நாயின் தோல் அவ்வளவு மெல்லியது. வேறு நாய்க்குக் கீறலாகப் போவது இதற்குத் தையல் போடும் காயமாகும். சீமைக்கருவேல முள்ளும் அப்படித்தான். அது மண்டிய இடத்தில் ஓடவிட்டால் பாதத்திலும் நெஞ்சிலும் முள் ஏறி, வெளியே தெரியாமல் சீழ் பிடிக்கும்.

கிராமத்துப் பக்கம் இருப்பவர்களுக்கு முக்கியமாக ஒன்று: கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு. மேலூர், உசிலம்பட்டிப் பக்கத் தோட்டங்களில் தரை மட்டத்தில் வாய் திறந்து கிடக்கும் கிணறுகள் இன்னும் உண்டு. ஓடும் பொருளின்மேல் கண் வைத்து முழு வேகத்தில் வரும் நாய்க்குக் கிணறு தெரியாது. மூடி போடாமல், சுற்றி வேலி கட்டாமல் அந்தத் தோட்டத்தில் அவிழ்த்து விடாதீர்கள்.

வீட்டுக்குள் ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு மூலையில் தடித்த மெத்தை போடுங்கள். சதைப் பிடிப்பு இல்லாத உடம்பு என்பதால், வெறும் தரையில் படுத்தால் முழங்கையிலும் இடுப்பிலும் காய்ப்புக் காய்த்துவிடும்.

முதல் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம்

முதல் மூன்று நாள் நாய் சரியாகச் சாப்பிடாமல் இருக்கலாம், மூலையை விட்டு வராமல் இருக்கலாம், ராத்திரி முழுக்க நின்றுகொண்டே இருக்கலாம். இதெல்லாம் வழக்கம்தான். ஆனால் தண்ணீரே குடிக்கவில்லை என்றாலோ, இரண்டாம் நாளும் வாயில் எதுவும் வைக்கவில்லை என்றாலோ மருத்துவரைப் பாருங்கள். சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டவேண்டாம், குளிப்பாட்டவேண்டாம், மடியில் தூக்கிவைக்கவேண்டாம். ஒரே நேரத்தில் சோறு, ஒரே வழியில் நடை, ஒரே குரலில் பெயர். இந்த மூன்றையும் மாற்றாமல் செய்யுங்கள். வீட்டுக்குள்ளும் முதல் சில நாட்களுக்கு மெல்லிய கயிறு தொங்கட்டும், கதவு திறந்தபோது ஓடினால் மிதித்து நிறுத்தலாம். தனியாக விடும்போது அதைக் கழற்றிவிடுங்கள், எதிலாவது சிக்கிக்கொள்ளும்.

மூன்று வாரத்தில் வீட்டின் நடைமுறை அதற்குப் புரியும். அப்போதுதான் உண்மையான குணமும் வெளியே வரும்: செருப்பைக் கடிக்கும், அடுப்படிக்குள் தலை நீட்டும், உங்களைக் காணவில்லை என்றால் ஊளையிடும். "நல்லாத்தானே இருந்துச்சு, இப்ப ஏன் இப்படி?" என்று பலர் திருப்பிக் கொடுப்பது இந்தக் கட்டத்தில்தான். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் போதும் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். பயம் குறைந்ததால்தான் நாய் இதையெல்லாம் செய்கிறது.

மூன்று மாதம் ஆகும்போது நீங்கள் அறைக்கு அறை போனால் பின்னாலேயே வரும். சில நாய்களுக்கு இது ஒரு வருடமும் ஆகலாம். அடித்துப் பழக்க நினைத்தால் இந்த இனத்தில் எல்லாமே தலைகீழாகிவிடும். சத்தமாகத் திட்டினாலே சுருண்டுவிடும் நாய் இது. விரும்பியதைச் செய்தால் ஒரு துண்டு ஈரல், விரும்பாததைச் செய்தால் கவனிக்காமல் திரும்பிக்கொள்வது. இவ்வளவு போதும்.

தூங்கும்போது தொடவேண்டாம் என்பதைக் குழந்தைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். இவ்வகை நாய்களில் சில, திடுக்கிட்டு விழிக்கும்போது அறியாமல் வாயை வீசும். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, விழித்தபின் பக்கத்தில் போகலாம். கழுத்தைக் கட்டிப்பிடிப்பதும் வேண்டாம்.

மருத்துவரிடம்

வந்த முதல் வாரத்திலேயே ஒருமுறை காட்டிவிடுங்கள். தனியார் மருத்துவமனைகள் தவிர, தல்லாகுளத்தில் அரசு கால்நடைப் பன்முக மருத்துவமனை இருக்கிறது. பெரிய சிகிச்சை என்றால் தேனி, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளுக்கும் போகலாம்.

பழைய ஊசி விவரம் இல்லாத நாய்க்கு எல்லாவற்றையும் முதலில் இருந்து போடவேண்டும். ரேபிஸ் ஊசி, பிறகு ஆண்டுதோறும் மறுஊசி. டிஸ்டெம்பர், பார்வோ, லெப்டோஸ்பைரோசிஸ் உள்ளிட்டவற்றுக்கான கூட்டு ஊசி, மருத்துவர் சொல்லும் இடைவெளியில். குடற்புழு மருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை. கருத்தடை செய்வதை, உடம்பு தேறிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அறுவை சிகிச்சைக்கு முன் மருத்துவரிடம் ஒரு விஷயத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள்: "இது சிப்பிப்பாறை, கிரேஹவுண்ட் மாதிரி உடம்பு." கொழுப்பில்லாத இந்த உடல்வாகுள்ள நாய்களில் தயோபென்டோன் போன்ற பழைய மயக்க மருந்துகளின் மயக்கம் தெளிய மிக நேரமாகும். மயக்கத்தில் இருக்கும்போது உடம்புச் சூடும் சீக்கிரம் குறையும். மாற்று மருந்துகள் இருக்கின்றன. அனுபவமுள்ள மருத்துவருக்கு இது தெரியும், ஆனால் தெருநாய்க் கலப்பு என்று நினைத்துவிடாமல் இருக்க நீங்கள் சொல்லவேண்டும்.

அப்புறம் உண்ணிக் காய்ச்சல். நம் ஊர்ச் சூட்டில் உண்ணிக்குப் பருவமே கிடையாது, வருடம் முழுக்க இருக்கும். மீட்கப்பட்ட நாய்க்கு முதல் இரத்தப் பரிசோதனையிலேயே உண்ணி பரப்பும் எர்லிக்கியா, பபீசியா என்ற இரண்டு கிருமிகளையும் பார்க்கச் சொல்லுங்கள். சாப்பாட்டில் ஆர்வமின்மை, வெளிறிய ஈறு, மூக்கில் இரத்தம், 103 டிகிரிக்கு மேல் காய்ச்சல் எல்லாம் அதன் அறிகுறிகள். (நாயின் இயல்பான சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நம் கைக்கு எப்போதும் சூடாகத்தான் தெரியும்.) எர்லிக்கியாவுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை பொதுவாக நான்கு வாரம் கொடுப்பார்கள். ஒரு வாரத்தில் நாய் துள்ள ஆரம்பித்ததும் நிறுத்திவிடக்கூடாது. இன்னொன்று: கிரேஹவுண்ட் வகை நாய்களுக்கு இரத்தத் தட்டணுக்கள் மற்ற நாய்களைவிட இயல்பிலேயே குறைவு. அந்த எண்ணை மட்டும் பார்த்து உண்ணிக் காய்ச்சல் என்று முடிவு செய்யாமல், கண்ணாடித் தகட்டில் இரத்தம் தடவிப் பார்க்கும் சோதனையும் செய்யச் சொல்லுங்கள்.

உண்ணி போகவேண்டும் என்று வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தைத் தண்ணீரில் கலந்து நாய்மேல் ஊற்றுகிற பழக்கம் கிராமங்களில் இருக்கிறது. அது நாயைக் கொல்லும். மருத்துவர் எழுதித் தரும் மாத்திரை அல்லது கழுத்தில் விடும் சொட்டு மருந்து மட்டும் போதும். நாம் போடும் காய்ச்சல் மாத்திரையையும் வலி மாத்திரையையும் கையால் எடுத்துக் கொடுக்கவே கூடாது.

சாப்பாடு

முன்பு கம்பங்கூழும் மோரும் குடித்தே வளர்ந்த இனம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது வயிற்றை நிரப்பும், தசைக்குப் போதாது. சோறு அல்லது கம்பு ஒரு பங்கு, வேகவைத்த கோழியோ முட்டையோ மீனோ ஒரு பங்கு, கேரட், பூசணி, கீரை கொஞ்சம், இதுதான் அடிப்படை. உப்பு, மிளகாய் இல்லாமல். கடைத் தீவனம் என்றால், 18 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 250 முதல் 300 கிராம், இரண்டு வேளையாகப் பிரித்து.

ராத்திரி மிஞ்சிய பரோட்டாவில் சால்னா ஊற்றிப் போடுவது நம் ஊரில் சகஜம். சால்னாவில் இருக்கும் வெங்காயம், பூண்டு நாயின் இரத்த சிவப்பணுக்களை அழிக்கும். வேகவைத்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். திராட்சை, சாக்லேட் இரண்டும் விஷம்.

ஆழமான நெஞ்சுள்ள நாய்களுக்கு வயிறு காற்றடைத்து முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அதனால் சாப்பிட்டதும் ஓடவிடாதீர்கள், ஒரு மணி நேரமாவது படுத்திருக்கட்டும். வயிறு திடீரென்று உப்பி, வாந்தி வராமல் ஓங்கரித்துக்கொண்டே இருந்தால் காலை வரை காத்திருக்கக்கூடாது. அந்த நிமிடமே வண்டி ஏற்றுங்கள்.

ஓட்டமும் நடையும்

தினமும் இரண்டு நடை. சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது காலை ஆறரைக்குள் முடித்து, மாலை ஏழுக்கு மேல் மறுபடி. தார்ச்சாலையில் உங்கள் புறங்கையை ஏழெட்டு நொடி வைக்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது. நாட்டு நாய் என்பதால் எந்த வெயிலையும் தாங்கும் என்று நினைத்துச் சிமெண்டு ஷீட்டுக்குக் கீழே கட்டிப்போடுவது கொடுமை. மார்கழிப் பனியிலோ இதற்குக் குளிரும், பழைய போர்வை ஒன்று போதும்.

தெருநாய்களின் எல்லையைக் கடப்பதுதான் மதுரைச் சந்துகளில் பெரிய சவால். ஒரே வழியில் போய், அந்தத் தெருநாய்களுக்கு உங்கள் இருவரையும் பழக்கிவிடுவது, தினம் ஒரு புதுத் தெருவில் சண்டை தேடுவதைவிட நல்லது. கூட்டமாக வந்தால் ஓடாதீர்கள். நாயை உங்களுக்குப் பின்னால் விட்டு, நின்று, மெதுவாக நகருங்கள்.

அவிழ்த்து ஓடவிடுவது வேலியிட்ட இடத்தில் மட்டும். தெரிந்தவரின் சுற்றுச்சுவர் போட்ட மனை, வலைவேலித் தோப்பு, கேட் உள்ள மைதானம் என்று எங்காவது அனுமதி கேளுங்கள். பத்து நிமிடம் வெறித்தனமாக ஓடிவிட்டு, அது தானாகவே வந்து படுத்துக்கொள்ளும். எவ்வளவு பழகினாலும் திறந்த வெளியில் அவிழ்க்காதீர்கள். முயல் ஓடினால் அதன் காதில் உங்கள் குரல் விழாது. கீழ்ப்படியாமை என்று அதைத் திட்டிப் பயனில்லை, அந்த நொடியில் அதன் உலகத்தில் கண்ணும் காலும் மட்டும்தான் இருக்கும்.

சட்டமும் இதில் இருக்கிறது. முயல், மயில் இரண்டும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை, மயில் முதல் அட்டவணையில். அழகர்கோவில், அரிட்டாபட்டிப் பக்கமெல்லாம் மயில் நடமாட்டம் அதிகம். அரிட்டாபட்டி 2022-இல் அறிவிக்கப்பட்ட தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம் வேறு. அங்கே நாயைக் கூட்டிப் போகவே வேண்டாம் என்பது என் கருத்து. "ஒரு தடவை முயலுக்கு விட்டுப் பார்ப்போமே மாப்ள" என்று ஆசை காட்டுகிற நண்பரிடம் நாயைக் கொடுத்து அனுப்பாதீர்கள்.

தீபாவளி

சிவகாசி பக்கத்தில் இருப்பதால் நம் பகுதியில் புரட்டாசி கடைசியிலேயே சத்தம் தொடங்கிவிடும். மீட்கப்பட்ட நாய்கள் அதிகம் காணாமல் போகும் காலம் இதுதான். பட்டாசுக்கு அரசு காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று நேரம் ஒதுக்கினாலும் அதை நம்பி நடைக்குக் கிளம்பவேண்டாம். வெளிச்சம் வரும் முன்பே வெளியே கூட்டிப் போய் வந்துவிடுங்கள். ஜன்னல் குறைவான உள் அறை, மின்விசிறி ஓடும் சத்தம், பக்கத்தில் நீங்கள், இது போதும். நடுங்கும் நாயைத் தடவிக்கொடுத்தால் பயம் கூடும் என்பது தவறு, தாராளமாகத் தடவுங்கள். முன் ஆண்டு மிகவும் பயந்திருந்தால் இரண்டு வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்து மருந்து கேளுங்கள். திருவிழாக் கொட்டுக்கும் வேட்டுக்கும் இதே ஏற்பாடுதான்.

காகிதங்களும் அக்கம்பக்கமும்

தத்தெடுப்புக் கடிதம், ஊசிப் புத்தகம், கருத்தடைச் சான்று மூன்றையும் ஒரே உறையில் வையுங்கள். மாநகராட்சி எல்லைக்குள் இருப்பவர்கள் சுகாதாரப் பிரிவில் விசாரித்து நாயைப் பதிந்துவிடுங்கள். மைக்ரோசிப் வசதி கிடைத்தால் போட்டுவிடுங்கள். நெல்மணி அளவுக் கருவியில் 15 இலக்க எண், நாய் தொலைந்தால் அதுதான் ஆதாரம்.

யாரையாவது கடித்துவிட்டாலோ கீறிவிட்டாலோ மறைக்காதீர்கள். காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவவையுங்கள், மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்கவிடாதீர்கள். நீங்களே அவரை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள், ரேபிஸ் தடுப்பூசி அங்கே இலவசம். நாயைப் பத்து நாள் கவனிக்கச் சொல்வார்கள். அந்தப் பத்து நாள் முடியட்டும் என்று ஊசியைத் தள்ளிப் போடக்கூடாது.

நாள் முழுக்கக் குட்டைச் சங்கிலியில் கட்டி வைப்பதும், காரணமில்லாமல் கைவிடுவதும் 1960 விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம் என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஒத்துவரவில்லை என்றால்

எல்லாம் செய்தும் சில வீடுகளுக்குச் சில நாய்கள் பொருந்தாது. வீட்டுப் பெரியவருக்கு உடம்பு சரியில்லாமல் போகலாம், வேலை வெளியூருக்கு மாறலாம். அப்போது மீட்டவரிடமே முதலில் சொல்லுங்கள். எடுத்துக்கொண்டு போகும் அன்றே, "முடியாவிட்டால் உங்களிடமே திரும்பக் கொடுப்பேன்" என்று கடிதத்தில் ஒரு வரி எழுதிக்கொள்வது இரண்டு பக்கத்துக்கும் நல்லது. அவர் வேறு வீடு தேடும் வரை சில வாரங்கள் நாயை நீங்களே வைத்திருக்கவேண்டி வரலாம், அதற்கும் தயாராக இருங்கள். ஊரில் தோட்டம் வைத்திருக்கிற யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அங்கே அது சங்கிலியிலோ வேட்டையிலோதான் போய் முடியும். மீட்டவரின் தொலைபேசி எண்ணை ஊசிப் புத்தகத்தின் முதல் பக்கத்திலும், நாயின் கழுத்துத் தகட்டில் உங்கள் எண்ணுக்குக் கீழேயும் பொறித்து வையுங்கள்.